தக்காளி ஒட்டுக்கு வீட்டிலேயே நாற்று வளர்த்தல்

தக்காளி பயிரிடும் குடியானவருக்கு மிகுந்த மனவருத்தம் தருவது, காய் பிடிக்கும் தருணத்தில் செடி பச்சையாய் நின்றபடியே வாடிச் சாய்வதாகும். முதல் நாள் உச்சிவேளையில் நுனிக் குருத்துகள் தொங்கும். மாலையில் தேறியதுபோல் நிமிரும். இரண்டொரு நாட்களில், இலை மஞ்சளாகாமலே, வெந்நீர் ஊற்றியதுபோல் செடி முழுவதும் துவண்டு விடும். உழவு, எரு, நாற்று, கூலி ஆகிய செலவுகள் யாவும் அதற்கு முன்பே முடிந்திருக்கும். தண்ணீர் போதவில்லையென்று எண்ணி மேலும் ஒரு தண்ணீர் பாய்ச்சுகிறவர் பலர். அத்தண்ணீரே வியாதியை அடுத்த பாத்திக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இது பாக்டீரியா வாடல் வியாதியாகும். இதற்குக் காரணமான நுண்ணுயிரை 1896ஆம் வருஷத்தில் எர்வின் ஸ்மித் என்னும் அமெரிக்க சாஸ்திரி முதன்முதலாக விவரித்தார். இப்பொழுது அதற்கு ரால்ஸ்டோனியா என்று பெயர். வியாதி இதுதானா என்று கிராமத்திலேயே கண்டுகொள்ளலாம். புதிதாய் வாடிய செடியின் அடித்தண்டில் இரண்டு மூன்று அங்குல நீளம் வெட்டி, தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுவாய் நீரில் படும்படி தொங்கவிட வேண்டும். சில நிமிஷங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெண்மையான இழைகள் கீழ்நோக்கி இறங்குமாயின், சந்தேகத்திற்கு இடமில்லை. பூஞ்சாண மருந்துகள் இதற்குப் பயன்படா. அந்நுண்ணுயிர் மண்ணிலும் களைகளின் வேரிலும் வருஷக்கணக்கில் தங்கியிருக்கும். கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவற்றையும் பற்றும். ஆதலால் தக்காளிக்குப் பின் கத்தரி என்று மாற்றுவது மாற்றுப் பயிராகாது.

செம்மண் கலந்த மணற்பாங்கான பூமிகளில் வேர்முடிச்சு நூற்புழு என்னும் மற்றொரு சத்துருவும் உண்டு. செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுவதும் மணி கோத்தாற்போல் முடிச்சுகள் காணப்படும். நிலக்கடலை வேரில் காணும் முடிச்சுகள் வேறு. அவை நன்மை தருபவை, விரலால் தள்ளினால் உதிரும். நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியதாகையால் உதிராது.

இவ்விரண்டும் வேரின் வழியாய் வருபவை. ஆகவே, இவற்றைத் தாங்கும் வேர் ஒன்றின்மேல் விரும்பிய தக்காளியை ஒட்டுக்கட்டி நடுவது ஒரு நல்ல உபாயம். மாமரத்திற்கு ஒட்டு பழமையானது. காய்கறிச் செடிக்கு அது பிற்காலத்தது. ஜப்பான் தேசத்தில் 1920களில் தர்ப்பூசணியைப் பூசணி, சுரை இவற்றின் வேரில் ஒட்டி வாடல் வியாதிக்குத் தப்ப முயன்றனர்; தக்காளியில் இம்முறை 1960களில் அங்கே பரவியது. தைவான் தீவில் 1971ஆம் வருஷம் ஸ்தாபிக்கப்பட்ட உலகக் காய்கறி ஆராய்ச்சி நிலையம், மழைக்காலத் தக்காளியைக் கத்தரி வேரில் ஒட்டும்படி ஆசிய நாட்டுக் குடியானவர்களுக்குச் சொல்லிவந்திருக்கிறது. வியாதியன்றி வேறொரு காரணமும் அதற்கு உண்டு. தண்ணீர் தேங்கிய நிலத்தில் தக்காளி வேர் இரண்டொரு நாளில் மூச்சுமுட்டிச் சாகும். கத்தரி வேர் சில நாட்கள் தாங்கும். ஐப்பசி மழையில் தக்காளியை இழந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஒட்டுக்கட்டும் கைவேலையையே பலரும் கடினமென்று எண்ணுகின்றனர். அதனை ஒரு மாலைப்பொழுதில் பழகிவிடலாம். ஒட்டு பிடிப்பதும் பிடியாததும் பெரும்பாலும் அதற்கு முந்திய நாலைந்து வாரங்களில், நாற்று வளரும் சட்டியிலேயே தீர்மானமாகி விடுகிறது. இரு செடிகளின் தண்டும் ஒரே நாளில் ஒரே பருமனுக்கு வர வேண்டும்; வேர்ச்செடி வியாதியில்லாத மண்ணில் வளர்ந்திருக்க வேண்டும். இவை கத்தித் திறமையால் சரிக்கட்டக்கூடியவை அல்ல.

வேர்ச்செடியைத் தேர்ந்தெடுத்தல்

அடியில் வேரைத் தரும் செடியை வேர்ச்செடி என்றும், மேலே காய்க்கும் தக்காளியை மேற்செடி என்றும் இங்கே குறிப்பிடப்படும்.

கேரள விவசாய சர்வகலாசாலை வெளியிட்ட சூர்யா என்னும் கத்தரி பாக்டீரியா வாடலைத் தாங்குவது. அந்தச் சர்வகலாசாலையின் சக்தி, முக்தி, அனகா என்னும் தக்காளி ரகங்களும் அவ்வாறே. தக்காளி வேரில் தக்காளியை ஒட்டுவதில் அனுகூலம் யாதெனில், இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளரும்; பருமன் ஒத்துவருவது எளிது. ஆனால் தேங்கிய நீரைத் தாங்கும் சக்தி அதில் கிடைக்காது.

நூற்புழு மிகுந்த நிலத்திற்குச் சுண்டை நல்லது. வற்றலுக்கென்று வேலியோரத்தில் வளரும் சுண்டையேதான் அது. வாடல் வியாதியையும் அது பெரிதும் தாங்கும். ஆனால் பொறுமையில்லாதவருக்கு ஏற்றதன்று. பச்சைக் காயின் விதை முளைக்காது. காய் மஞ்சளாகிப் பழுத்த பின்பே எடுத்து, சதை போகக் கழுவி, நிழலில் உலர்த்த வேண்டும். புதிதாய் எடுத்த விதை உறக்கத்திலிருக்கும். விதைத்த பின்னும் ஒன்றாய் முளைக்காமல், இரண்டு மூன்று வாரம் வரையில் ஒன்றொன்றாய் எட்டிப்பார்க்கும். வெளிச்சம் பட்டால் முளைப்பு நன்றாயிருக்குமாகையால் ஆழப் புதைக்காமல், மேலே விதைத்து மெல்லிய மணல் தூவினால் போதும்.

கத்தரி வகை வேரில் ஒட்டிய தக்காளிக்குச் சில குறைகளும் உண்டு. மேலே தண்டு பருத்து ஒட்டுவாயில் கழலைபோல் தோன்றலாம். செடி சற்றுக் குட்டையாகலாம். காயின் அடி கறுத்து அழுகும் கோளாறு அதிகப்படலாம். நல்ல மண்ணும் வியாதியின்மையும் உள்ளவர் ஒட்டு நாற்றை நாடவேண்டிய அவசியமே இல்லை.

ஊமத்தையும் தக்காளிக் குடும்பமே, அதன் வேர் முரட்டு வேர், ஒட்டும் பிடிக்கும். ஆயினும் அதை ஒருக்காலும் உபயோகிக்கலாகாது. ஊமத்தையின் விஷம் வேரில் உண்டாகி மேலேறுவது. அவ்வேரில் ஒட்டிய தக்காளியின் கனியைத் தின்று அமெரிக்காவில் ஒரு குடும்பத்தார் விஷத்தால் அவதியுற்றதுண்டு.

பாத்திரங்கள்

இரு செடிகளுக்கும் ஒரே விதமான பாத்திரம் வேண்டுமென்பதில்லை. மேற்செடியின் வேர் ஒட்டு நாளில் வெட்டி எறியப்படுவது. அதற்குத் தனித்தனிச் சட்டி கொடுப்பது வீண். மூன்று அங்குல ஆழமுள்ள மரப்பெட்டியோ, அடியில் காகிதம் பரப்பிய பழக்கூடையோ போதும். ஓரடிச் சதுரத்தில் சுமார் 100 செடிகள் வளரும். அதற்கு மேல் நெருங்கினால் தண்டு நூல்போல் நீண்டு பயன்படாது. மார்க்கெட்டிலிருந்து திரும்பிவரும் தக்காளிப் பெட்டிகளில் பிறர் நிலத்து மண் ஒட்டியிருக்குமாதலால் நன்கு கழுவியே கொள்ள வேண்டும்.

வேர்ச்செடியின் நிலைமை வேறு. விதைத்தது முதல் வயலுக்குப் போகும் வரையில் ஆறு ஏழு வாரம், சுண்டையாயின் ஒன்பது வாரத்திற்கு மேலும், அது அதே பாத்திரத்தில் இருக்க வேண்டும். இடையே வேர் அசையக்கூடாது. ஆகையால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பாத்திரம், குறைந்தது மூன்று அங்குல ஆழம், அடியில் துவாரம், அவ்வளவு காலமும் உளுத்துப்போகாத உறுதி ஆகிய நான்கும் அவசியம்.

இந்த அளவுகோலால் பார்த்தால், வீட்டில் கிடைக்கும் பொருள்களின் தகுதி விளங்கும். கொட்டாங்கச்சி யாவர்க்கும் கைக்கு எட்டுவது. கண்ணுள்ள மூடியில் மெத்தென்ற கண்ணைக் குத்திவிட்டால் வடிகால் தானே அமையும். கண்ணில்லாத மூடிக்கு ஆணியைக் காய்ச்சித் துளையிட வேண்டும். ஆனால் ஆழம் போதாது, வெயிலில் சீக்கிரம் காயும். கத்தரிக்குப் பெரிய காயின் சிரட்டையை ஒருவாறு உபயோகிக்கலாம், சுண்டைக்கு உதவாது. வாழைமட்டையை வளைத்து ஈர்க்குக் குத்திய கிண்ணம் ஒரு மாதத்தில் நெகிழ்ந்துபோகும். செய்தித்தாளைச் சுருட்டிய குழலும், முட்டை அடுக்கும் அட்டையும் அவ்வாறே. இவை மேற்செடிக்கு அல்லது சுண்டை விதை முளைக்கவைக்கும் முதல் கட்டத்திற்கு மட்டும் சரி. பனையோலைக் கொட்டானும் கமுகம்பாளைத் தொன்னையும் கிடைக்குமிடத்தில் மிகவும் சிறந்தவை. நீர் வடியும், காற்றும் புகும், உறுதியும் உண்டு. நகரத்தை அடுத்த கிராமங்களில் பால் உறை, தண்ணீர்ப் புட்டியின் அடிப்பாதி முதலியவை குப்பையில் ஏராளமாய்க் கிடக்கின்றன. இவற்றுக்கு அடியில் மூன்று துளையும், அடியிலிருந்து அரை அங்குலம் மேலே பக்கத்தில் இரண்டு துளையும் இடவேண்டும். திண்ணைத் தரையில் வைக்கும்போது அடித்துளை அடைபட்டாலும் பக்கத்துளை வடிக்கும்.

பூச்சிமருந்து, களைக்கொல்லி இருந்த டப்பாக்களை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு எடுக்கலாகாது. களைக்கொல்லி சிறிதளவு தங்கியிருந்தாலும் தக்காளி இலை கயிறுபோல் முறுக்கிக்கொள்ளும்; வீட்டுக் குழந்தைகளின் கைபடும் இடத்தில் அவை இருப்பதும் தகாது.

பழைய பாத்திரங்களைச் சோப்பிட்டுத் தேய்த்து, கொதிநீர் தாங்குபவற்றைக் கொதிநீரிலும் மற்றவற்றைச் சலவைத்தூள் கரைத்த நீரிலும் முக்கி, மறுபடியும் கழுவி, வெயிலில் நன்கு காயவைக்க வேண்டும்.

மண்ணும் தண்ணீரும்

வாடல் கண்ட நிலத்து மண்ணால் பாத்திரத்தை நிரப்புவது நோயாளியின் படுக்கையில் குழந்தையைக் கிடத்துவது போலாகும். தக்காளி, கத்தரி, மிளகாய் விளையாத இடத்துச் செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து சலித்துக்கொள்ளலாம். தேங்காய்நார்த் தூள் கிடைத்தால் அதன் உப்புப் போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, மூன்று பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரம் சேர்ப்பது இன்னும் இலேசானது.

மண்ணைச் சுத்தி செய்வதற்குக் கோடையில் செலவில்லாத வழியுண்டு. ஈரமண்ணைக் களத்தில் ஆறு அங்குலத்திற்கு மேற்படாமல் பரப்பி, கண்ணாடிபோன்ற பாலிதீன் விரிப்பால் மூடி, ஓரங்களை மண்ணிட்டு அடைத்து, நாலு முதல் ஆறு வாரம் கடும் வெயிலில் விடுவதே அது. கறுப்பு விரிப்பைவிடத் தெளிந்த விரிப்பில் வெப்பம் மிகும். அவசரமாயின் கொஞ்சம் கொஞ்சமாக இட்டலி அவிப்பதுபோல் குண்டானில் ஆவியில் வைத்து, உள்மண்ணும் கைபொறுக்காத சூடேறிய பின் அரைமணி நேரம் விட்டு இறக்கலாம். அதற்கென்று ஒரு பழைய குண்டானை ஒதுக்கிவிடுவது வீட்டிலுள்ள பெண்மக்களுடன் மனஸ்தாபத்தைத் தவிர்க்கும்.

கிணற்று நீரையோ குழாய் நீரையோதான் ஊற்ற வேண்டும். வியாதி கண்ட வயலின் வழியாய் வரும் வாய்க்கால் நீர் உதவாது. பாத்திரங்களைத் தரையில் வையாமல் பலகை அல்லது செங்கல் அடுக்கின்மேல் வைத்தால் மழைத்தெறிப்பும் கோழியும் அணுகா.

விதைக்கும் நாட்கணக்கு

கத்தரி தக்காளியைவிட மெதுவாய் வளர்வது. சுண்டை அதனினும் மெதுவானது. ஆகவே நடவு நாளை முதலில் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ண வேண்டும். கத்தரி வேராயின், கத்தரியை விதைத்து ஏழாம் நாள் தக்காளியை விதைத்தால், சுமார் 30ஆம் நாளில் இரண்டும் ஒட்டுக்கு வரும். மேலும் இரண்டு வாரம் ஒட்டுப் பிடிக்கவும் தேறவும் செல்லும். 45ஆம் நாளில் நடலாம். சுண்டையாயின் தக்காளியை அதற்கு ஒரு மாதம் பிந்தி விதைக்க வேண்டும்; நடவு 65ஆம் நாளையொட்டி வரும்.

இவை உத்தேசக் கணக்குகளே. மார்கழிக் குளிரில் நாட்கள் நீளும், சித்திரையில் குறுகும். ஆதலால் தக்காளியை ஒரே நாளில் விதைத்துவிடாமல் நாலு நாள் இடைவிட்டு மூன்று தவணையாய் விதைப்பது நல்லது. வேர்ச்செடி எந்நாளில் தயாரானாலும் அதற்கு ஒத்த பருமனுள்ள தக்காளி ஏதாவதொரு தவணையில் அகப்படும். தக்காளி விதை ஒரு கிராமில் ஏறக்குறைய 300 இருக்குமாகையால் இதில் பெரிய செலவில்லை.

ஒட்டுக்கு ஏற்ற பருமன், தென்னை ஈர்க்கின் நடுப்பாகத்தின் பருமன். அதாவது சுமார் இரண்டு மில்லிமீட்டர். அப்பொழுது செடியில் விதையிலை நீங்கலாக இரண்டு மூன்று இலைகள் இருக்கும். இலைக்கணக்கைவிடத் தண்டைப் பார்ப்பதே மேல். திண்ணையின் உட்புறத்தில் நிழலில் வளர்ந்த நாற்று உயரமாய், வெளிறிய தண்டுடன் கண்ணுக்கு அழகாய்த் தோன்றும். கத்தி பட்டதும் ஒடிந்துவிடும். முளைத்த நாள் முதல் காலை வெயில் நேராய்ப் படவேண்டும். வெள்ளை ஈ புகாத நெருங்கிய கண்ணுள்ள நைலான் வலையை மேலே கட்டுவது அவசியம். இலைச்சுருட்டு வியாதியை நாற்றுப் பருவத்திலேயே கொண்டுவருவது அவ்வீயே. அதை எந்த வேரும் தடுக்காது.

ஒட்டும் பஞ்சாரமும்

ஒட்டுக்கட்டுவதற்கு மாலை நேரமே தகுந்தது. புகையிலை போடுபவரும் பீடி குடிப்பவரும் சோப்பால் கைகழுவாமல் நாற்றைத் தொடலாகாது. புகையிலையில் உள்ள வைரஸ் கைவழியே தக்காளிக்கு ஏறும். புதிய சவரத் தகட்டை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு, வேர்ச்செடியை விதையிலைக்குச் சற்று மேலே சாய்வாக வெட்ட வேண்டும். ஒத்த பருமனுள்ள தக்காளியையும் அதே சாய்வில் வெட்டி, பெரிய இலைகளைக் கிள்ளி, இரு வெட்டுவாய்களும் முழுமையாய்ப் பொருந்தும்படி சேர்த்து, ஒட்டுக்கென்று விற்கும் சிறு கவ்வியையோ, சைக்கிள் வால்வுக்குப் போடுவது போன்ற மெல்லிய ரப்பர்க் குழல் துண்டையோ மாட்டவேண்டும். இடையில் மண்ணோ நீர்த்துளியோ இருக்கக்கூடாது. வெட்டுவாய் உலரும் முன்பே சேர்த்துவிட வேண்டும்.

அடுத்த மூன்று நாட்கள் ஒட்டுச்செடிக்கு இருளும் ஈரமும் வேண்டும். வெப்பமும் 25 முதல் 30 டிகிரிக்குள் இருப்பது நலம். இதற்குக் கோழி கவிழ்க்கும் பஞ்சாரம் மிகப் பொருத்தமானது. நிழலில் நனைத்த மணலைப் பரப்பி அதன்மேல் பாத்திரங்களை நெருக்கி வைத்து, கழுவிய பஞ்சாரத்தைக் கவிழ்த்து, மேலே பாலிதீன் விரிப்பும் அதன்மேல் ஈரச் சாக்கும் போர்த்தினால் போதும். தண்ணீரை விரிப்பின் உட்புறத்திலும் மணலிலும் தெளிக்க வேண்டுமேயன்றி ஒட்டுவாயில் தெளிக்கலாகாது. நாலாம் நாள் காலையில் சாக்கை ஒரு நாழிகை விலக்கலாம். பிறகு நாள்தோறும் வெளிச்சத்தையும் காற்றையும் கூட்டி, ஏழாம் எட்டாம் நாளில் பஞ்சாரத்தை எடுத்துவிடலாம். இடையில் இலை வாடினால் மறுபடியும் மூடுவதே மருந்து.

மூன்றடிக் குறுக்களவுள்ள பஞ்சாரத்தில் சுமார் 100 செடி அடங்கும். ஐந்து செண்ட் நிலத்தில் மூன்றடிக்கு இரண்டடி நட்டால் 360 செடி வேண்டும். முளைப்பு, பருமன், ஒட்டு ஆகியவற்றில் நேரும் சேதத்தைக் கருதி 500 வேர்ச்செடி வளர்க்க வேண்டியிருக்கும். ஐந்து பஞ்சாரமும் ஐந்து மாலைப்பொழுதும் செல்லும். புதிதாய்த் தொடங்குவோர் முதல் வருஷம் ஒரு பஞ்சார அளவோடு நிற்பது விவேகம். பழக்கமில்லாத கையில் பாதி போனாலும் வியப்பில்லை. ஏக்கர் கணக்கில் நடுவோர் நம்பகமான நாற்றுப்பண்ணையில் ஒட்டு நாற்று வாங்குவதே இலாபம். வீட்டு முயற்சி அவர்களுக்கும் வேறுவகையில் உதவும். சந்தேகப்பட்ட நிலத்தின் ஒரு மூலையில் ஒட்டுச்செடி 50, சாதாரணச் செடி 50 அடுத்தடுத்து நட்டுப் பார்த்தால், பெருஞ்செலவுக்கு முன்பே உண்மை தெரியவரும்.

நடவில் நேரும் பிழை

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த நாற்று ஒரே பிழையால் வீணாவதுண்டு. தக்காளியை ஆழமாய் நடுவதும், பின்பு தண்டுவரையில் மண் அணைப்பதும் வழிவழி வந்த பழக்கம். சாதாரண நாற்றுக்கு அது நல்லதே, தண்டிலும் வேர்விட்டுச் செடி பலப்படும். ஒட்டு நாற்றுக்கோ அதுவே நாசம். ஒட்டுவாய் மண்ணில் புதைந்தால் மேலே உள்ள தக்காளி தானே வேர்விட்டு வியாதி மண்ணைத் தொடும்; கீழே உள்ள வேர் எவ்வளவு வலிமையுடையதாயினும் பயனில்லை. ஒட்டுவாய் நிலமட்டத்திற்கு இரண்டு அங்குலம் மேலேயே இருக்க வேண்டும். நடவு ஆட்களுக்கு இதை வேலை தொடங்குமுன் சொல்லுவதோடு, முதல் வரிசையை உடையவர் தாமே நட்டுக் காட்டுவது நலம். செடி சாய்ந்து மண்ணைத் தொடாதபடி கொம்பு நட்டுக் கட்டவும் வேண்டும்.

ஒட்டுவாய்க்குக் கீழே கத்தரியோ சுண்டையோ துளிர்த்தால் வாரந்தோறும் கிள்ளிவிட வேண்டும். இலையைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். விட்டுவைத்தால் ஒரு மாதத்தில் தக்காளி போய்க் கத்தரிச் செடியே மிஞ்சும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கத்தக்க காரியமும் ஒன்றுண்டு. வாடிய செடிகளைப் பிடுங்கி வாய்க்காலில் எறிவது பல ஊர்களில் வழக்கமாயிருக்கிறது. தலைமடையில் எறிந்த ஒரு கட்டுச் செடி கடைமடை வரையில் வியாதியைக் கொண்டுபோகும். குவளைப் பரிசோதனையில் வியாதி உறுதிப்பட்ட நிலங்களின் விவரத்தை அதே மடையில் பாசனம் பெறுவோருக்குத் தெரிவித்து, பிடுங்கிய செடிகளை மேட்டுநிலத்தில் உலர்த்தி எரிக்கும்படி செய்யலாம். அந்நிலத்தில் உழுத கலப்பையையும் மண்வெட்டியையும் அடுத்த நிலத்திற்கு எடுக்குமுன் மண்போகக் கழுவும்படியும் சொல்லலாம்.